பீமரம்

சாக்கடைக்குள் மனிதன் இறங்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. மரத்தின் மேல் ஏறக் கூடாது என்று சட்டம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நகரம் ஒரு வழி கண்டுபிடித்துப் பத்து வருடம் ஆகியிருந்தது.

அரசாங்கம் வைத்த பெயர் தூய்மரம். அத்திமரத்தின் வேரை ஆராய்ச்சிக்கூடத்தில் மாற்றிச் செய்தது. வேர் நேராகப் பாதாளச் சாக்கடைக் குழாய்க்குள் இறங்கும். வீடுகள் கழுவி விட்டதையெல்லாம் உறிஞ்சும். இலை வழியாகச் சுத்தமான ஈரம் வெளியேறும். தெருவுக்கு இருபது மரம் நட்டால் போதும். அடைப்பு இல்லை, லாரி இல்லை, மூடியைத் திறக்கும் வேலையே இல்லை. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து மரத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மரத்தாலும் செரிக்க முடியாதது கொஞ்சம் இருந்தது. சோப்பு, எண்ணெய், மாத்திரை, பிளாஸ்டிக் நூல். அதையெல்லாம் மரம் மேலே ஏற்றி, முதல் கிளை பிரியும் இடத்தில், இருபத்திரண்டு அடி உயரத்தில், கட்டியாக வைத்துக்கொள்ளும். மாதம் ஒரு தடவை அதைக் கீறி வடிக்காவிட்டால் மரம் செத்துவிடும். வடிப்பவர்களின் அடையாள அட்டையில் 'மரப் பராமரிப்பாளர்' என்று அச்சடித்திருந்தது. கட்டியை அவர்கள் பானை என்றார்கள். மரத்தைப் பீமரம் என்றார்கள்.

ஜெயசீலன் தாவரவியல் படித்தவன். விளம்பரத்தில் மரம் என்று பார்த்து விண்ணப்பம் போட்டான். முதல் நாள் டிப்போவில் நின்றிருந்த நாற்பது பேரும் அவன் குடியிருப்பைச் சேர்ந்தவர்களாகவே இருந்தார்கள். நாற்பது பேரின் அப்பாக்களும் மூடியைத் திறந்து இறங்கியவர்கள். அவன் அப்பாவும்தான். அந்த விளம்பரம் ஊரில் வேறெங்கும் ஒட்டப்படவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

"வா டிகிரி," என்றார் குழுத் தலைவர் கோதண்டம். "உங்கப்பா கீழ போனாரு. நீ மேல போற. முன்னேற்றம்."

ஆனால் அவன் மேலே போகவில்லை. எழுபத்தாறு கிலோ. கிளை தாங்காது. ஏறுவதற்கு ஐம்பது கிலோவுக்குக் கீழே இருப்பவர்களைத்தான் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்த நிறுவனம் சேர்த்தது. அதனால் ஏறியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவனுக்குக் கயிறு பிடிக்கும் வேலை கிடைத்தது. அன்றைக்கு அந்தக் கயிற்றின் மறுமுனையில் அமுதினி இருந்தாள். நாற்பத்தாறு கிலோ.

"நிமிஷத்துக்கு ஒருவாட்டி 'நாறுதா'ன்னு கத்து," என்றாள் மேலேயிருந்து. "நான் 'நாறுது'ன்னு சொல்லுவேன். சொல்லலைன்னா இழு. 'நாறல'ன்னு சொன்னா இன்னும் வேகமா இழு."

"நாறலைன்னா நல்லதுதானே?"

"இன்னா படிச்ச நீ? பானைக்குள்ள இருக்கற வாயு கொஞ்சமா வந்தா அழுகின முட்டை மாதிரி நாறும். ஜாஸ்தியா வந்தா மூக்கு செத்துடும். நாத்தமே தெரியாது. அப்புறம் ரெண்டு மூச்சு. ஆளு காலி. நாறுற வரைக்கும் உசுரு இருக்குன்னு அர்த்தம்."

"மீட்டர் கிடையாதா?"

"இருக்குதே. ஆபீஸ் செவுத்துல தொங்குது. மரத்துல மாட்டுனா ஏறுனதுலேர்ந்து எறங்குற வரைக்கும் கத்தும். கத்துனா வேலைய நிறுத்தணும்னு ரூலு. அதனால மீட்டர நிறுத்திட்டாங்க."

கீழே நின்ற கோதண்டம் மீதியைச் சொன்னார். இயந்திரக் கை ஒன்று வந்ததாம். ஒருநாள் ஆழமாகக் கீறி, பானை மொத்தத்தையும் ஒரு வெள்ளைக் காரின் மேல் கொட்டிவிட்டதாம். "அன்னியோட மிஷின் ரிட்டயர்டு. மனுசன் கைன்னா பதமா கீறும் பாரு. நம்ம மேல மட்டுந்தான் கொட்டும்."

எட்டு மாதத்தில் ஜெயசீலனும் அமுதினியும் கல்யாணம் செய்துகொண்டார்கள். கயிறு பிடிக்க அவனைத் தவிர வேறு யாரையும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "உன் குரல்தான் நல்லா கேக்குது. மத்தவன்லாம் கேக்க வெக்கப்படறான்," என்றாள்.

அவர்களுக்குக் கிடைத்தது தென்றல் நகர். ஆறு தெரு, நூற்றிருபது மரம். மத்தியானம் குழாயடியில் முழங்கை வரை மூன்று தடவை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். கழுவினாலும் நாற்றம் போகாது. சோற்றை உருட்டும்போது விரலிலிருந்து வரும். முதல் மாதம் ஜெயசீலன் கரண்டியால் சாப்பிட்டான். பிறகு விட்டுவிட்டான்.

பேச்செல்லாம் மரத்தைப் பற்றித்தான்.

"நாலாம் மரம் டயட்ல இருக்குது," என்பாள் ரெஜினா. பீப்பாய் உருட்டுபவள், விதவை, நாற்பது வயது. "வெறும் ஓட்ஸு. ஒட்டவே மாட்டேங்குது."

"ஒம்பதுல கல்யாணம் முடிஞ்சுதுக்கா. ஒரே நெய்யி," என்பாள் அமுதினி.

"பதினேழாம் மரத்து வீட்டுப் பெரியவரு மாத்திரைய முழுங்குறதே இல்லபா. முழுசு முழுசா வருது. மருமகளாண்ட சொல்லிடலாமா?"

"சொல்லிட்டு எப்டித் தெரியும்னு கேட்டா இன்னா சொல்லுவ?" என்பார் கோதண்டம். "குடும்ப டாக்டர்னு சொல்லுவியா?"

சிரிப்பார்கள். அந்தத் தெருக்காரர்கள் யாரும் இவர்கள் பெயரைக் கேட்டதில்லை. இவர்களுக்கோ அவர்கள் குடல் வரைக்கும் தெரியும்.

மாலை பஸ்ஸில் அவர்கள் இருவரும் ஏறினால் சுற்றி ஓர் ஆள் இடம் காலியாகும். அமுதினி அதைக் கவனிக்காதவள்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள். கவனிக்கிறாள் என்று ஜெயசீலனுக்குத் தெரியும்.

இரண்டாம் வருடம் குடியிருப்போர் சங்கத்திலிருந்து நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவர் செயலாளர் குமரேசன். பதினான்காம் மரத்துக்கு எதிர்வீடு. கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. வடிக்கும் நாட்களில் வாடை தாங்கவில்லை. அதைவிட, பராமரிப்பாளர்கள் நிமிஷத்துக்கு ஒரு தடவை 'நாறுதா, நாறுது' என்று கத்துவது குழந்தைகள் காதில் விழுகிறது. உழைப்பவர்கள் மேல் எங்களுக்கு மிகுந்த மதிப்பு உண்டு. இருந்தாலும் நாகரிகமான ஒரு தீர்வு வேண்டும்.

தீர்வோடு வந்தாள் நிறுவனப் பொறியாளர் சுபாங்கி. வெள்ளைப் பொடி, மூட்டை மூட்டையாக. வாரத்துக்கு ஒரு கிலோ வேர்க்குழியில் போட்டால், மூன்று நான்கு வாரத்தில் மரத்தின் சாறு முழுக்க மகிழம்பூ வாசம் ஏறிவிடும். பானையைக் கீறினாலும் மகிழம்பூதான்.

"உங்களுக்கும் நல்லதுதானே?" என்று கேட்டாள் சுபாங்கி. உண்மையாகவே நல்ல மனதோடு கேட்டாள்.

நல்லதுதான் என்றார்கள் எல்லோரும். அமுதினி பொடியை உள்ளங்கையில் எடுத்து முகர்ந்து, ரெஜினாவின் கழுத்தில் தடவிவிட்டாள். "அக்கா, உனக்கு ரெண்டாம் கல்யாணம்டி."

"இனிமே நாறுதான்னு கத்தாத டிகிரி," என்றார் கோதண்டம். "மணக்குதான்னு கேளு. செகரட்டரி சந்தோசப்படுவாரு."

அப்படித்தான் அவர்கள் செய்தார்கள். வழக்கத்தை விடவில்லை. சொல்லை மட்டும் மாற்றினார்கள். நிமிஷத்துக்கு ஒரு தடவை கீழேயிருந்து கேள்வி போனது, மேலேயிருந்து பதில் வந்தது. வாயு கொன்றது வாயுவை அறியும் மூக்கை. மகிழம்பூவை அது ஒன்றும் செய்யவில்லை. பூ மணந்துகொண்டேதான் இருக்கும், கடைசி மூச்சுவரை. நாற்பது மூக்கு இருந்த இடத்தில் ஒன்றுகூட இதை யோசிக்கவில்லை. பட்டம் வாங்கிய மூக்கும் யோசிக்கவில்லை.

ஐந்தாவது வாரம் பதினான்காம் மரம். காலை பத்து மணி, நல்ல வெயில். அமுதினி ஏறி, இரண்டு கயிற்றையும் கட்டி, உளியை வைத்தாள்.

"மணக்குதா?"

"மணக்குதுடா. கல்யாண மண்டபம் மாதிரி."

பீப்பாயில் வடியும் சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம்.

"மணக்குதா?"

"மணக்குது."

குரல் கொஞ்சம் மெதுவாக வந்தது. அவள் நேற்றிரவு சரியாகத் தூங்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். இன்னொரு நிமிஷம்.

"மணக்குதா?"

பதில் இல்லை. விளையாடுகிறாள் என்று நினைத்தான். இந்தப் பொடி வந்ததிலிருந்து அவள் அப்படித்தான் விளையாடிக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை கேட்டான். பிறகு இழுத்தான்.

அவள் மெதுவாக, கையை விரித்துக்கொண்டு இறங்கி வந்தாள். தரையில் கிடத்தியபோது முகம் நிறம் மாறியிருந்தது. தலைமுடி, சட்டை, கை எல்லாம் மகிழம்பூ மணந்தது. பிணவறை ஊழியர் பதிவேட்டிலிருந்து நிமிர்ந்து, "இன்னா சென்ட்டுப்பா இது?" என்று கேட்டார். ஜெயசீலன் வெளியே போய்ச் சுவர் ஓரம் வாந்தி எடுத்தான்.

அதிலிருந்து அவனுக்குச் சாக்கடை ஒன்றும் செய்யவில்லை. பூ வாசம்தான் குமட்டியது. குடியிருப்பு முனையிலிருந்த பூக்கடையைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டான். அனுதாபம் சொல்ல வந்த சுபாங்கி நல்ல சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்திருந்தாள். அவளைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்தே பேசி அனுப்பினான்.

மூன்று மாதம் கழித்து விசாரணை. மண்டல அலுவலகத்தில் ஓர் அறை. விசாரணை அதிகாரி மாலதி, ஐம்பது வயதுக்காரர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

"கால் தவறி விழுந்துட்டாங்கன்னு நிறுவனம் எழுதிக் கொடுத்திருக்கு. நீங்க கணவர். கீழே ஒரு கையெழுத்துப் போடணும்."

"விழலைங்க. கயித்துல இருந்தா. நான்தான் இறக்கினேன்."

"அப்ப என்ன எழுதணும்கறீங்க?"

"வாயு. பானையில இருந்த வாயு. அந்தப் பொடி போடலைன்னா அவ இறங்கியிருப்பா." வாசம் எப்படி நாற்றத்தை மறைத்தது என்று முதலிலிருந்து சொன்னான். அவன் குரல் உயர்ந்துவிட்டது. அறைக்கு வெளியே பெஞ்சில் கோதண்டமும் ரெஜினாவும் சாட்சிக்குக் காத்திருந்தார்கள்.

மாலதி முழுவதையும் கேட்டார். குறித்துக்கொள்ளவில்லை.

"வாயுன்னு எழுதினா இது சாக்கடை மரணம் ஆயிடும். அப்படி ஆச்சுன்னா மறுநாளே இந்த ஊர்ல யாரும் மரம் ஏறக் கூடாது. ஆனா சட்டத்துல சாக்கடைன்னா தரைக்குக் கீழே இருக்கறது. உங்க மனைவி இருந்தது இருபத்திரண்டு அடி மேல. என் கையில வழியில்ல தம்பி."

ஜெயசீலன் பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து வைத்தான். தென்றல் நகரில் ஒரு வீட்டுக் குப்பையில் எடுத்தது. வீட்டுவரி ரசீது. அதில் ஒரு வரி: கழிவுநீர் இணைப்பு – மரம் எண் 14.

"வரி வாங்கும்போது இது சாக்கடைதானே மேடம்?"

மாலதி ரசீதைப் படித்தார். மடித்து அவன் பக்கமே நகர்த்தினார்.

"அது வேற துறை," என்றார். அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னார். "நிறுவனக் காகிதத்துல நீங்கதான் அந்தக் குழுவோட பாதுகாப்புப் பொறுப்பாளர். பட்டதாரிங்கறதால போட்டிருக்காங்க. கால் தவறினதுன்னு நீங்க கையெழுத்துப் போடலைன்னா, பொறுப்பாளர் தாமதமா இழுத்தார்னு முடிப்பாங்க. வேலை போகும். திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் யோசிங்க."

பாதுகாப்புப் பொறுப்பாளர். அப்படி ஒரு பதவி தனக்கு இருப்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெளியே வந்தபோது கோதண்டம் உள்ளே போனார். ஐந்து நிமிஷத்தில் திரும்பினார். பேனா மை விரலில் ஒட்டியிருந்தது. ரெஜினா போனாள். அவளும் ஐந்து நிமிஷம்தான்.

"இன்னா எழுதினீங்க?" என்று கேட்டான்.

"கால் தவறிடுச்சுன்னு," என்றார் கோதண்டம்.

ஜெயசீலன் அவர் விரலையே பார்த்தான். அவன் கல்யாணத்தில் பந்தி பரிமாறிய கை அது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவன் படியிறங்கிப் போய்விட்டான். மூன்று வாரம் அவர்களோடு பேசவில்லை. கயிறு பிடித்தான், பீப்பாய் ஏற்றினான், தனியாகச் சாப்பிட்டான். கையெழுத்துக்கு வைத்த கெடுவை மாலதி இரண்டு தடவை தள்ளிக் கொடுத்தார்.

கெடு முடியும் திங்கட்கிழமை பதினான்காம் மரத்தின் முறை வந்தது. அட்டவணையில் ஏறுபவர் பெயர் ரெஜினா. நாற்பத்தெட்டு கிலோ. மூன்று மாதத்தில் ஏறக் கற்றிருந்தாள்.

விசாரணையால் ஒன்றும் ஆகாது என்று ஜெயசீலனுக்குத் தெரிந்துவிட்டது. பொடி ஒன்றுதான் அவன் கைக்கு எட்டியது. முந்தின மாதமே யோசித்திருக்க வேண்டும். சாறு மாற நாளாகும். என்றாலும் இன்றைக்காவது மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சேற்றில் கொட்டிவிடுவது என்று காலை ஆறு மணிக்கே டிப்போ கிடங்குக்குப் போனான். பூட்டு திறந்திருந்தது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு முதல் மூட்டையைப் பிரித்தான். குமட்டலுக்குத் தயாராக இருந்தான்.

குமட்டல் வரவில்லை. துணியை விலக்கினான். பொடியை விரலில் தேய்த்தான். கரகரவென்றிருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தான். கல்மாவு. கோலம் போடுகிற மாவு.

அடுத்த மூட்டை. அதுவும் கோலமாவு.

பின்னால் கோதண்டம் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ரெஜினா, இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு.

"நாங்க மாத்தி இது நாலாவது வாரம்பா," என்றாள் ரெஜினா. "அன்னிக்கு நீ உள்ள பேசினதெல்லாம் வெளிய வரைக்கும் கேட்டுச்சு. அண்ணன் கையெழுத்துப் போட்டுட்டு நேரா இங்க வந்து மூட்டையப் பிரிச்சாரு. மத்த டிப்போக்கும் ஆள் அனுப்பியாச்சு."

"அப்ப ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

கோதண்டம் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "போடலைன்னா எங்கள நிறுத்திட்டு வேற ஆளுங்கள எடுப்பான். அவுங்களுக்கு இது தெரியாது. வாரம் ஒரு கிலோ கொட்டிக்கினே இருப்பாங்க. மணக்குதா மணக்குதான்னு கத்திக்கினே சாவாங்க. உள்ள இருந்தாத்தானே மூட்டைய மாத்த முடியும்?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ மூஞ்சி குடுத்தியா?"

ஜெயசீலன் கையிலிருந்த மாவைத் தட்டினான்.

"அவ கால் தவறலண்ணா."

"தெரியும்பா."

"காகிதத்துல அப்படித்தான் இருக்கும். எப்பவும்."

"இருக்கும்," என்றார் கோதண்டம். "நீ போடப் போறியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"போடலைன்னா உன்ன அனுப்பிடுவாங்க. நீதான் கொன்னன்னு எழுதுவாங்க."

"எழுதட்டும். என் பேரு கெட்டா பரவால்ல. அவளுக்கு மரம் ஏறத் தெரியலைன்னு நான் எழுத மாட்டேன்."

கோதண்டம் எழுந்து, பெரிய கயிற்றுச் சுருளை எடுத்து அவன் தோளில் போட்டார். "இன்னிக்கு வரைக்கும் நீ ஆளுதானே? வா. ரெஜினா உன்னத்தான் கேக்கறா."

பத்து மணிக்குப் பதினான்காம் மரம். ரெஜினா கனத்த மூச்சோடு ஏறினாள். அமுதினி நான்கு தாவலில் ஏறும் இடத்துக்கு அவளுக்கு ஒன்பது ஆனது. இரண்டு முடிச்சையும் கட்டி, இழுத்துப் பார்த்து, உளியை வைத்தாள்.

முதல் கீறலிலேயே வந்துவிட்டது.

நான்கு மாதமாகத் தெரு மறந்திருந்தது. அது ஒரு மாத நாற்றமாக வரவில்லை. நான்கு மாதமும் சேர்ந்து வந்ததுபோல் வந்தது. அழுகிய முட்டை, புளித்த எண்ணெய், பீ. ஓரத்தில் நின்றிருந்த காவலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். வரிசையாக ஜன்னல்கள் சாத்தும் சத்தம் கேட்டது. மூன்றாவது மாடியில் யாரோ ஓங்கரித்தார்கள்.

ஜெயசீலன் நன்றாக மூச்சை இழுத்தான். வயிறு அமைதியாக இருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டான், பழைய சொல்லில், தெருவுக்கே கேட்கும்படி. மேலேயிருந்து ரெஜினா இருமிக்கொண்டே பதில் சொன்னாள். நிமிஷத்தை எண்ணினான்.

ஆறாவது நிமிஷம் ரெஜினாவின் பதில் வேறு மாதிரி வந்தது. "நாத்தம் நின்னுடுச்சுபா." அந்தச் சொல் முடியும் முன் அவனும் கோதண்டமும் இழுத்தார்கள். அவள் வேகமாக இறங்கி, தரையில் குந்தி, இருமி, காறித் துப்பினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தாள். "கையி தளந்துடுச்சு. காத்து மாறட்டும். அரைமணி கழிச்சுப் போறேன்," என்றாள்.

கயிற்றைப் பிடித்திருந்த ஜெயசீலனின் விரல்கள் பிரியவில்லை. கோதண்டம் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சங்கச் செயலாளர் குமரேசன் வெள்ளை வேட்டியோடு வந்தார். முகத்தில் கைக்குட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"என்னப்பா இது? மரத்துக்கு என்ன ஆச்சு?"

"மரம் நல்லா இருக்குது சார்," என்றார் கோதண்டம்.

"பொடி போடலையா?"

"வாரா வாரம் போடறோம் சார். கையெழுத்து இருக்குது."

"அப்புறம் எங்கேருந்து வருது இவ்வளவு நாத்தம்?"

கோதண்டம் ஜெயசீலனைப் பார்த்தார். அவன் செயலாளரின் வீட்டு வாசலைப் பார்த்தான். கழுவித் துடைத்து, பளபளவென்றிருந்தது.

"உங்க வீட்டுலேர்ந்துதான் சார்," என்றான்.